பாடத்தில் பிரிக்கிறார்கள், பள்ளியில் கலக்கிறார்கள்: ஏன்?

கேள்வி – நடுநிலைப் பள்ளி ஆசிரியை

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று தேர்வில் கேட்டால் அனைவரும் சரியாக எழுதுகிறார்கள். ஆனால் உணவு இடைவேளை முடிந்ததும் மிட்டாய்த் தாளும் வாழைப்பழத் தோலும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உச்ச நீதிமன்றம் 1991இலேயே வழிகாட்டியும், பாடம் ஏன் பழக்கமாக மாறவில்லை?

பதில் 1 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, தொட்டியில் போட்ட குப்பை பிறகு எங்கே போகிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பச்சை, நீலம் என இரண்டு தொட்டிகள் வைத்தோம். மாலையில் இரண்டையும் ஒரே குழியில் கொட்டிக் கொளுத்தினார்கள். அதைக் கண்ட பிள்ளைகளிடம் மறுநாள் பிரித்துப் போடச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பின்னர் சத்துணவுக் கூடத்திலிருந்து தொடங்கினோம். காய்கறித் தோல், நொறுக்கிய முட்டை ஓடு, வேப்பமரச் சருகு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை மாணவர்களே கிளறினார்கள். மூன்று மாதத்தில் கிடைத்த எருவைப் பள்ளி முருங்கைக்கு இட்டோம். கிளறும்போதெல்லாம் ஒரு நெகிழி உறை மட்டும் போட்டபடியே வெளிவந்ததைக் கண்ட பிறகு, பிரிப்பதைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கவில்லை.

பதில் 2 – ஒரு பெற்றோர்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கிளறியவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். கூட்டுவதற்கும் அள்ளுவதற்கும் குறிப்பிட்ட சில பிள்ளைகளையே, பல இடங்களில் சாதி பார்த்தே, அழைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதைப் பார்த்து வளரும் மற்றப் பிள்ளைகள், குப்பை என்பது யாரோ ஒருவருடைய வேலை என்றுதான் கற்றுக்கொள்வார்கள். ஆசிரியர்கள் உட்பட எல்லோருக்கும் முறை வர வேண்டும். கழிப்பறையைச் சுத்தம் செய்யும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

கேட்டவர்

இதைப் படித்தபின் என் வகுப்பைக் கூட்டுவோர் யார் என்று எண்ணிப் பார்த்தேன்: நான்கே பேர், நால்வரும் மாணவியர். இதுவரை கவனிக்காதது என் தவறு. திங்கள் முதல் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி முறை வைக்கிறேன், முதல் நாள் என்னுடையது. ஐயா, மழைக்காலத்தில் எருக்குழியில் நீர் தேங்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

பதில் 1 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

குழியை விட்டுவிட்டுத் தரைக்கு மேல், காற்றுப் புகும்படி இடைவெளி விட்டுச் செங்கல் தொட்டி கட்டினோம், அம்மா. மேலே தென்னங்கீற்று வேய்ந்தால் போதும்.