புதுப்பிப்பு: கடைசியில் கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்துவிட்டேன்

ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவதா, பாகங்களை வாங்கி நானே அசெம்பிள் செய்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். ரெடிமேட் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். ஆனால் பார்த்துவைத்த மாடலில் 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தது; இரண்டு குச்சியாகப் பிரித்துப் போட்டால்தான் வேகம் கிடைக்கும். பவர் சப்ளை என்ன பிராண்டு என்றே போடவில்லை. அதோடு மனசு விட்டுப்போனது.

பாகங்களைப் பூட்ட ஒரு மதியம் ஆனது. பிராசசரை நினைத்துத்தான் பயந்தேன். முக்கோணக் குறியைப் பார்த்து வைத்ததும் தானாக உட்கார்ந்துகொண்டது. படுத்தியெடுத்தவை பவர் பட்டனின் பொடி ஒயர்கள்தான்.

அப்புறம் ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. ரேமைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். டிடிஆர்5 என்ற புது வகை ரேமை முதல்முறை மதர்போர்டு பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாமாம். அது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் நான்தான் பாதியில் அணைத்திருக்கிறேன்! சும்மா விட்டதும் படம் வந்தது.

6000 என்று வாங்கிய ரேம் 4800 வேகத்தில்தான் ஓடியது. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதற்குச் சொன்ன வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, ஆன் செய்ததும் சரியானது.

வாரன்டி பற்றிக் கேட்டவருக்கு: ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. எது கெட்டது என்று கண்டுபிடிப்பது நம் தலையில். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ரெடிமேடே வாங்குங்கள், ரேம் எத்தனை குச்சி என்று மட்டும் பார்த்துவிட்டு.