பிளேக்னித் தேவாலயத் தூணில் கீறப்பட்ட கப்பல்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் உள்ள பிளேக்னி என்னும் சிற்றூருக்கு, அங்குள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் தூண்களில் இடைக்காலத்தில் கீறப்பட்ட கப்பல் உருவங்களைப் பார்ப்பதற்கென்றே சென்றிருந்தேன். கூடத்தின் தென்வரிசைத் தூண்களுள் கிழக்குக் கோடியில் நிற்பதில்தான் அவை நெருக்கமாக உள்ளன. நேரே நின்று பார்த்தால் வெறுங்கல்லாகவே தெரியும். டார்ச்சைத் தூணோடு ஒட்டிப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் படும்படி செய்தபோது, கீறலின் விளிம்பில் நிழல் விழுந்து, முதலில் ஒரு பாய்மரமும், பிறகு அதன் உச்சியிலிருந்து இறங்கும் கயிறுகளும், அதன்பின் வளைந்த அடிப்பாகமும் ஒவ்வொன்றாகத் துலங்கின. கயிறுகள் ஏனோதானோவென்று இழுக்கப்பட்டவையல்ல. கப்பலில் கயிறு எங்கே கட்டப்படும் என்று அறிந்த ஒருவரின் கை அது என்றே எனக்குப் பட்டது.

இன்று மங்கிக் கிடக்கும் இவை கீறப்பட்ட நாளில் பளிச்சென்று தெரிந்திருக்கும். அக்காலத்தில் தூணுக்குச் செங்காவி பூசியிருந்ததால், கீறிய இடமெல்லாம் கல்லின் வெண்மை வெளிப்பட்டிருக்கும். ஆகவே இது யாருக்கும் தெரியாமல் ஒளிந்து செய்த வேலையாக இருக்க முடியாது. பாதிரியார் உட்பட ஊரே பார்த்திருக்கும்.

தொல்லியலாளர் மாத்யூ சாம்பியன் தலைமையில் 2010-இல் தொடங்கிய நார்ஃபோக் இடைக்காலக் கீறல்கள் ஆய்வில், தன்னார்வலர்கள் இவற்றை முறையாகப் பதிவு செய்தார்கள். கப்பல்கள் பக்கப் பலிபீடத்தையும் சிலை வைக்கும் மாடத்தையும் நோக்கிய தூணில் திரண்டிருப்பதும், நீண்ட காலத்தில் பலர் கீறியிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பதும் கவனிக்கப்பட்டன. புனித நிக்கோலஸ் மாலுமிகளின் காவலர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவற்றை வேண்டுதலாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் எண்ணம். முன்னவர் கீறிய கப்பலைச் சிதைக்காமல் இடம்விட்டுத் தம்முடையதைக் கீறிய அந்த மரியாதையே அதற்கு வலுவான சான்று. அது பயணத்துக்கு முன் வைத்த வேண்டுதலா, கரை சேர்ந்தபின் செலுத்திய நன்றியா, கடலில் மாண்டவரின் நினைவா என்பதைக் கோடுகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள உள்நாட்டுத் தேவாலயங்களிலும் கப்பல் கீறல்கள் உண்டு என்பதால், ஒரே காரணம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றும் நான் கருதவில்லை.

பார்க்கச் செல்வோர் தயவுசெய்து தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்க வேண்டாம். எஞ்சியிருக்கும் காவித் துகளும் அதனால் உதிர்ந்துவிடும். பக்கவாட்டு ஒளியில், வெவ்வேறு கோணங்களில் எடுக்கும் ஒளிப்படங்களே போதுமானவை.