புதுப்பிப்பு: போன் கிராஃப்ட் முடிந்து இம்ப்ளாண்ட் வைத்தாயிற்று

கடைவாய்ப் பல் எடுத்த இடத்தில் எலும்பு தேய்ந்துவிட்டது, இம்ப்ளாண்டுக்கு (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) முன் போன் கிராஃப்ட் (எலும்பு வளர அந்த இடத்தில் துகள்களை வைத்து நிரப்புவது) அவசியமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துகொண்டேன்.

முதல் சில நாள் கன்னம் நன்றாக வீங்கியது. நறநறவென்று அங்கே வைத்த துகள்கள் நாக்கில் தட்டுப்பட்டதும் பயந்துபோனேன். ஓரிரண்டு உதிர்வது சகஜம் என்றார் மருத்துவர். தையல் பக்கம் நாக்கு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு!

அந்தத் துகள்கள் வெறும் கட்டடச் சாரம் மாதிரி. அதைப் பற்றிக்கொண்டு நம் உடம்புதான் புது எலும்பை வளர்க்கிறது, பொதுவாக 4 முதல் 6 மாதம் ஆகும். அப்புறம் ஸ்கேனில் எலும்பின் அகலம் போதும் என்று தெரிந்ததும் இம்ப்ளாண்டைப் பொருத்தினார்கள்.

புகைபிடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிட்டுப் போங்கள், புண் ஆறவே விடாது. எலும்பு இம்ப்ளாண்டை இறுகப் பிடித்த பிறகுதான் எனக்குக் கிரௌன், அதாவது மேலே பொருத்தும் பல் உறை.