புதுப்பிப்பு: கடல்நீர்த் தொட்டிக்கு எந்தக் கன்ட்ரோலர்?

முத்தியால்பேட்டை வீட்டிலுள்ள 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டிக்கு எந்தக் கன்ட்ரோலர் (நீரின் நிலையை அளந்து, மற்றக் கருவிகளைத் தானே இயக்கி நிறுத்தும் கருவி) ஏற்றது என்று முன்பு கேட்டிருந்தேன்; அபெக்ஸ், புரொஃபிலக்ஸ் போன்ற முழுமையான கருவிகளையே பலர் பரிந்துரைத்தீர்கள். பவளம் வளர்க்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லாததால், எஸ்.டி.சி.-1000 என்னும் எளிய வெப்பநிலைக் கன்ட்ரோலரையே வாங்கியிருக்கிறேன்.

புதுச்சேரியில் ஹீட்டருக்கு ஏறக்குறைய வேலையே இல்லை, குளிர்விப்பதுதான் பெரும்பாடு. இலக்கை 26 டிகிரியாகவும் வேறுபாட்டை 1 டிகிரியாகவும் வைத்திருப்பதால், நீர் 27-ஐத் தொட்டதும் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) ஓடத் தொடங்கி, 26-க்கு இறங்கியதும் நிற்கிறது. வேறுபாட்டை 0.3 வரை குறைக்க முடியுமென்றாலும், அடிக்கடி நின்று ஓடினால் கம்ப்ரசரின் ஆயுள் குறையும் என்பதால் அதைத் தொடவில்லை. நின்ற சில்லர் மீண்டும் ஓடுமுன் காத்திருக்கும் மறுதொடக்கத் தாமதத்தையும் 5 நிமிடமாக வைத்துள்ளேன். சில்லரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 24-இல் விட்டிருக்கிறேன். கன்ட்ரோலருக்குள் உள்ள மின்சுவிட்சான ரிலே அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் அதற்குக் கீழே நீர் குளிராது.

குளிர்விக்க, நீரின்மேல் காற்று வீசும் மின்விசிறியே போதும் என்றவர்களுக்கு ஒன்று: கடலோர ஈரக்காற்றில் நீர் ஆவியாவது குறைவு, ஆகவே குளிர்ச்சியும் குறைவு, ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றாவிட்டால் உப்பும் செறியும்.

ரிலே 10 ஆம்பியர் தாங்கும் என்று அச்சிட்டிருந்தாலும், சில்லரின் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் பன்மடங்கு என்பதால், எலக்ட்ரீஷியன் தனியாக ஒரு கான்டாக்டர் (அதிக மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச்) பொருத்தித் தந்தார். நீரின் வெப்பநிலையை அளக்கும் உணர்முனையின் கம்பியைக் கன்ட்ரோலரின் மட்டத்துக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கருவிக்குள் புகாது.