ஏழு மாதமாகக் குதிகால் வலி: ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வலது குதிகாலில் ஏழு மாதமாக வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது போல இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் கொஞ்சம் தணியும். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே குத்தல். குதிகாலின் அடியில், உட்பக்கமாக ஒரே இடத்தில் அழுத்தினால் உயிர் போகிறது. வீக்கமோ மரத்துப்போவதோ இல்லை.

வயது 44. சர்க்கரை இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை, அதை விட முடியாது.

மருத்துவர் பிளான்டார் ஃபாசியைட்டிஸ் என்றார், அதாவது குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார் பாதிக்கப்பட்டு வலிப்பது. எக்ஸ்ரேயில் சின்னதாக எலும்பு முள் தெரிந்தது. முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய பேர், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்று மாதமாகக் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் இழுத்து நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்கிறேன். ஐஸ் ஒத்தடம், சிலிக்கான் ஹீல் கப், மெத்தென்ற செருப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை. வலி மாத்திரை சாப்பிட்ட இரண்டு வாரம் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் பழையபடிதான்.

அடுத்து ஸ்டீராய்டு ஊசி அல்லது ஷாக் வேவ் (வலிக்கும் இடத்தில் வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தும்) சிகிச்சை என்கிறார். ஊசியால் அந்தத் தசைநார் அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்பு உண்டு என்று அவரே எச்சரித்ததால் தயக்கமாக இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு மேல் இப்படி அவதிப்பட்டவர்கள், இந்த இரண்டில் எதைச் செய்துகொண்டீர்கள், வலி திரும்பி வந்ததா?