ராத்திரி படுத்தால் நெஞ்செரிச்சல், சாப்பாட்டில் எதை மாற்றலாம்?

முதுநகர்வாசி:
கடலூர் சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட், வீடு வந்து சேர 11 மணி ஆகிவிடும். பசியில் பரோட்டா சால்னாவோ, மீன் குழம்பு சோறோ வயிறு நிறையச் சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுகிறேன். நடுராத்திரியில் புளிப்பாகத் தொண்டை வரை ஏறி வருகிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை போட்டால் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. மீன் குழம்பையே விட்டுவிட வேண்டுமா?

நெல்லித்தோப்பு அக்கா:
வேண்டாம் தம்பி. அதைப் பகலில், புளியும் எண்ணெயும் குறைத்துச் சாப்பிடுங்கள். உங்களுக்கு முதல் பிரச்சினை நேரம்தான். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வால்வு மாதிரி ஒரு தசை இருக்கிறது, வயிறு முட்ட இருக்கும்போது படுத்தால் அது சரியாக மூடாமல் அமிலம் மேலே வந்துவிடும். சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்துத்தான் படுக்க வேண்டும். உங்கள் ஷிப்டில், 8 மணி இடைவேளையிலேயே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வீட்டுக்கு வந்தும் பசித்தால் இரண்டு இட்லி போதும். காபி, பொரித்தது, சாக்லேட், புதினா எல்லாம் பலருக்குத் தூண்டும், ஆனால் எல்லாருக்கும் இல்லை. எது உங்களுக்கு ஆகவில்லை என்று கொஞ்ச நாள் குறித்துப் பாருங்கள், கண்டதையெல்லாம் நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மஞ்சக்குப்பம் மணி:
அக்கா சொன்னதோடு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 6 அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறும் அழுந்தும். இடது பக்கமாகப் படுங்கள். தொப்பை இருந்தால் குறைக்க வேண்டும், பீடி சிகரெட்டும் ஆகாது. லீவு நாளில் பாண்டி போய்க் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள் சகோ.

முதுநகர்வாசி:
நன்றி அக்கா, நன்றி மணி. எரியும்போது பால் குடிக்கலாமா?

நெல்லித்தோப்பு அக்கா:
அந்த நேரத்துக்கு அடங்கும், அப்புறம் மறுபடி எரியலாம், கொழுப்புள்ள பால் என்றால் இன்னும் மோசம். அதைவிட முக்கியம், மாத்திரையை நீங்களாக மாதக்கணக்கில் போடாதீர்கள். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் பான்டோப்ரசோல் வகை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும், எவ்வளவு நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். விழுங்கும்போது அடைத்தால், எடை தானாகக் குறைந்தால், மலம் கறுத்துப் போனால் தள்ளிப் போடாமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்க் காட்டுங்கள், எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) தேவைப்படலாம். நெஞ்சு வலி வியர்வையோடு இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.