மூழ்கிய கப்பல்களின் அமைவிடம்: எந்தப் பதிவை நம்பி வரைபடத்தில் குறிப்பது?

நெய்தல்வாசி (கேள்வி):
இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் கணினி வரைபடம் ஒன்றில் குறித்து வருகிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி ஹெர்மிஸில் சிக்கல் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் அதன் சிதைவு வரை முக்குளிப்போர் சென்று வருகின்றனர். ஆனால் நடுக்கடலில் மூழ்கியவற்றுக்குத் தாக்கியவரின் பதிவேடு ஓரிடத்தையும், உயிர் தப்பியவரின் அறிக்கை வேறோர் இடத்தையும் சொல்கின்றன. எதைக் குறிப்பது?

கலங்கரை:
இரண்டையும் தனித்தனியே பதிந்து வையுங்கள், சராசரி எடுத்துவிடாதீர்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தம் இருப்பிடத்தைப் பாகைகளில் அல்லாமல், இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட கட்டக் குறியீட்டில் எழுதின. அதன் மிகச் சிறிய கட்டமே ஏறத்தாழ 6 கடல்மைல் பக்கமுடையது என்பதால், கட்டத்தின் நடுப்புள்ளியைத் தசமப் பாகையாக மாற்றும்போது மூலத்தில் இல்லாத துல்லியம் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. வானம் மூடியிருந்த நாள்களில் சூரியனையோ விண்மீன்களையோ அளக்க வழியின்றி, வேகத்தையும் திசையையும் கொண்டே இடத்தைக் கணித்தனர். பிழை இன்னும் கூடும். புள்ளிக்குப் பதிலாக வட்டம் வரைவதே நேர்மையானது. அவர்களின் பதிவேடுகள் பெர்லின் நேரத்தில் இருப்பதால், அமெரிக்கக் கரையோரத் தாக்குதல்களுக்குத் தேதியும் மாறக்கூடும்.

ஆழியன்:
வட்டமும் சில வேளை உதவாது. யூ-869 நீர்மூழ்கி 1945 பிப்ரவரியில் மொராக்கோவின் ரபாத் அருகே அழிக்கப்பட்டதாகவே போருக்குப் பிந்தைய ஆவணங்கள் கூறின. 1991இல் நியூஜெர்சிக்கு அப்பால், ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் பெயர் தெரியாத நீர்மூழ்கி ஒன்று கிடைத்தது. 1997இல் உதிரிபாகப் பெட்டியின் தகட்டில் எண்ணைக் கண்ட பின்னரே அது யூ-869 என உறுதியாயிற்று. அட்லாண்டிக்கின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் புள்ளி இடம்பெயர்ந்தது! தப்பிப் பிழைத்தவர் எவருமில்லாத நீர்மூழ்கிகளுக்கு 'ஊகம்' என்ற தனி நிறம் கட்டாயம் தேவை.

திசைமானி:
அதற்காக, உருண்டையான எண்களைக் கண்டதும் தள்ளிவிடாதீர்கள். 1941 நவம்பர் 19 அன்று ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியுடன் சண்டையிட்டு மூழ்கிய ஜெர்மானியக் கப்பல் கோர்மொரானின் தலைவர், இடத்தைத் தெற்கு 26 பாகை, கிழக்கு 111 பாகை என்றே சொன்னார். பலர் அதை ஐயுற்றனர். 2008இல் கண்டுபிடிக்கப்பட்ட கோர்மொரானின் சிதைவு, அந்தப் புள்ளியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான் இருந்தது.

நெய்தல்வாசி:
நன்றி. சிதைவு கண்டறியப்பட்டது, சாட்சி கூறியது, ஊகம் என மூன்று நிறங்களாகப் பிரித்து, மூலத்தில் உள்ள கட்டக் குறியீட்டையும் மாற்றாமல் தனிப் பத்தியில் வைக்கிறேன்.